தண்ணீரில் கண்டம்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள், அம்மா பாயை விரித்து எலுமிச்சைச் சோற்றுப் பெட்டிகளை எடுத்து வைக்கிறார், மாமா மட்டும் வழக்கம்போல ஈர மணலும் காய்ந்த மணலும் சேருகிற அந்தக் கோட்டில் ஏழு ஜோடி செருப்புக்குக் காவலாக நிற்கிறார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துவரும் காட்சி இது. அலை ஓரடி ஏறி வந்தால் அவரும் ஓரடி பின்னால் போவார். இப்போது அவருக்கு 63 வயது.

காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாமா பிறந்தது இங்கே சிங்கப்பூரில்தான், கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில். பிள்ளை பிறந்த நேரத்தைப் பாட்டி குறித்து ஊருக்குக் கடிதம் போட, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு ஜோசியர் ஜாதகம் கணித்து, அது தபாலில் வந்து சேர்ந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சின்ன நோட்டு. நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கட்டங்கள், தசை, புத்தி எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ஜாதகருக்கு ஜலத்தில் கண்டம் உண்டு. எந்த வயதில், எந்தத் தண்ணீரில், எதுவும் இல்லை. பாட்டி அந்த வரியைக் கடைசிவரை விடவே இல்லை. பள்ளியில் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றால் அன்றைக்கு மாமாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். நண்பர்கள் படகேறி புலாவ் உபினுக்குப் போனால் அவர் வீட்டில் இருப்பார். அப்புறம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்தபோது வீட்டில் நடந்த சண்டையை அம்மா இன்றைக்கும் சொல்வார். பாட்டிதான் இறங்கி வந்தார், அரைஞாணில் ஒரு தாயத்தைக் கட்டி அனுப்பிவைத்தார். 31 வருடம் கடலோரத்தில் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கொள்கலன் இறக்கியிருக்கிறார் மாமா. ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு என் பையில் இருந்தது சோஃபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகம். எத்தனையாவது தடவை படிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றாலே "விதியை யாராலும் வெல்ல முடியாது" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறைய பேர், எனக்கு அது போதவில்லை. மாமாவை இத்தனை வருடம் பார்த்ததாலோ என்னவோ, தெய்வ வாக்கைக் கேட்டவர்கள் கேட்டபிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் என் கண் போய் நிற்கிறது.

தீப்ஸ் அரசன் லயஸுக்கு வாக்கு வருகிறது, உன் மகன் கையால் நீ சாவாய் என்று. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தையின் கணுக்கால்களைக் கோத்துக் கட்டி, கித்தேரோன் மலையில் போட்டுவிட்டு வா என்று ஆட்கள் கையில் கொடுத்தனுப்புகிறான். ஈடிபஸ் என்ற பெயருக்கே வீங்கிய கால் என்றுதான் பொருள். கொண்டுபோன ஆட்டு மேய்ப்பருக்குக் குழந்தையைப் போட்டுவிட்டு வர மனம் வரவில்லை, மலையில் பழக்கமான கொரிந்து நாட்டு மேய்ப்பர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார். குழந்தை கொரிந்து அரண்மனையில், பிள்ளையில்லாத பொலிபஸின் மகனாக வளர்கிறது. பிறகு ஒரு விருந்தில் குடிபோதையில் ஒருவன் "நீ உன் அப்பாவுக்குப் பிறந்தவனில்லை" என்று சொல்லிவிட, அது உண்மையா என்று கேட்கத்தான் ஈடிபஸ் அப்போலோ தெய்வத்திடம் குறி கேட்கும் டெல்ஃபி கோயிலுக்குப் போகிறான். அப்போலோ கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவைக் கொல்வாய், அம்மாவை மணப்பாய் என்று வேறொன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். ஈடிபஸ் அங்கிருந்து கொரிந்துக்குத் திரும்பவே இல்லை.

ஒரே வாக்குதான் இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்கிறது. தகப்பன் தன் உயிருக்காகப் பிள்ளையை மலைக்கு அனுப்பினான். பிள்ளையோ, பெற்றவர்கள் என்று தான் நம்பிய இருவருக்கும் தன்னால் தீங்கு வரக்கூடாது என்று வீட்டையும் வரவேண்டிய அரசையும் விட்டுவிட்டு நடந்தான். நாடகம் எனக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த நல்ல மனதோடு நடந்து வந்தவன்தான் மூன்று சாலைகள் கூடும் இடத்தில், வண்டியில் வந்த முதியவர் இவன் தலையில் அடித்தவுடன் திருப்பி அடித்துக் கொன்றும் போடுகிறான், அவர்தான் லயஸ் என்று தெரியாமலே. அந்த மனமும் அந்தக் கோபமும் ஒரே ஆளுடையவை.

உயர்நிலைப்பள்ளியில் எங்களுக்கு இலக்கியம் எடுத்த ஆசிரியர் "ஈடிபஸின் குறை: கர்வம்" என்று பலகையில் எழுதிப் போட்டார், நாங்களும் அப்படியே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். இப்போது அதை நினைத்தால் மனது ஒப்பவில்லை. பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட வாக்குக்கு, பிறந்தவனின் கர்வம் எப்படிக் காரணமாகும்? அரிஸ்டாட்டில் சொன்ன ஹமார்த்தியா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் "குறை" பாடம் வந்தது. ஆனால் அந்தச் சொல்லின் வேர் குறி தவறுவது. எய்தது போய் எங்கோ விழுவது. கிரேக்க அறிஞர் டாட்ஸ் 1966இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக எடுத்து வைக்கிறது. ஈடிபஸ் தன் பாவத்துக்குத் தண்டனை வாங்குகிறவனும் இல்லை, நூலில் ஆடும் பொம்மையும் இல்லை என்கிறார் அவர். நாடக மேடையில் அவன் செய்வதெல்லாம் அவனாகவே செய்வது. அவன் இப்போது அரசனாக இருக்கும் தீப்ஸில் கொள்ளைநோய், மக்கள் சாகிறார்கள், லயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால் நோய் போகும் என்கிறது டெல்ஃபி. கண்டுபிடிக்கிறேன் என்று இறங்குகிறான். பாதியில் விட்டிருக்கலாம், விடச் சொல்லி எல்லாரும் கெஞ்சுகிறார்கள், குருட்டு ஞானி டைரீசியஸ் முதலில் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். விடாதது இவன்தான்.

இந்த நாடகத்தில் அழிவைக் கொண்டுவருவது ஆறுதல் சொல்ல வந்தவர்களின் வாய். மனைவி யொகாஸ்டா, முன்பு லயஸின் மனைவியாக இருந்தவள், அவனைத் தேற்றப் பார்க்கிறாள்: வாக்கெல்லாம் பொய், லயஸை மகன் கொல்வான் என்றார்கள், கடைசியில் மூன்று சாலை கூடும் இடத்தில் கொள்ளைக்காரர்கள் அல்லவா கொன்றார்கள். அந்த "மூன்று சாலை" காதில் விழுந்ததும் ஈடிபஸுக்கு உள்ளே ஏதோ அசைகிறது. அப்புறம் கொரிந்திலிருந்து ஒருவர் வருகிறார், பொலிபஸ் இயற்கையாக இறந்துவிட்டார் என்ற செய்தியோடு. அப்பாடா, அப்பாவைக் கொல்லவில்லை. அம்மாவைப் பற்றிய பயம் மட்டும் இன்னும் இருக்கிறது என்கிறான் ஈடிபஸ். அந்தப் பயத்தையும் போக்கிவிடலாம் என்று வந்தவர் சொல்கிறார்: கவலைப்படாதீர்கள், அவர்கள் உங்களைப் பெற்றவர்களே இல்லை, மலையில் உங்களைக் கையில் வாங்கியது நான்தான். யொகாஸ்டாவுக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிடுகிறது. இதோடு நிறுத்து என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடுகிறாள்.

அதன்பிறகு அந்தப் பழைய தீப்ஸ் மேய்ப்பரைக் கூட்டி வருகிறார்கள். கிழவர் மழுப்புகிறார். ஈடிபஸ் கைகளைப் பின்னால் முறுக்கச் சொல்லி மிரட்டுகிறான். சொல்லக் கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேனே என்கிறார் மேய்ப்பர். நானும் கேட்கக் கூடாததைக் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டேன், ஆனாலும் கேட்டாக வேண்டும் என்கிறான் ஈடிபஸ். ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு வரியில் நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிடுவேன். கேட்டாக வேண்டும் என்று எந்த வாக்கும் அவனுக்குச் சொல்லவில்லை. கண்களைக் குத்திக்கொள்வாய் என்றும் டெல்ஃபி சொன்னதில்லை. தூக்கில் தொங்கிய யொகாஸ்டாவின் ஆடையிலிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் குத்திக்கொண்டு வெளியே வந்தவன், இந்தத் துன்பத்தை எனக்குக் கொண்டுவந்தது அப்போலோ, ஆனால் குத்திய கை என்னுடையது என்கிறான். தெய்வத்தின் பங்கு எது, தன் பங்கு எது என்று அந்த வலியிலும் பிரித்துச் சொல்கிற மனிதன்.

பங்கு என்று எழுதும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கர்கள் விதிக்கு வைத்த பெயர் மொய்ரா. அந்தச் சொல்லுக்குப் பங்கு, பிரித்துக் கொடுத்த பாகம் என்று பொருள். நம் பழந்தமிழில் ஊழுக்கு இன்னொரு பெயர் பால். அறத்துப்பால், பொருட்பால் என்கிறோமே, அதே பால்தான், பகுதி. "பரியினும் ஆகாவாம் பாலல்ல" என்று ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது, உனக்கு என்று பிரிக்காதது நீ எவ்வளவு வருந்திக் காத்தாலும் உன்னிடம் தங்காது என்பதை. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்திலிருந்து சொல் எடுத்திருக்கின்றன. இதைக் கவனித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இளங்கோவடிகளைப் பற்றிய கதையும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. வஞ்சியில் அண்ணன் செங்குட்டுவன் இருக்கும்போதே, அரியணையில் அமரும் பொறி உனக்குத்தான் இருக்கிறது என்று இளையவரைப் பார்த்து நிமித்திகன் சொல்லிவிடுகிறான். இளங்கோ அவனை உருத்து நோக்கி, அண்ணன் மனத்துயர் நீங்கத் துறவு பூண்டார் என்கிறது சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதை. லயஸ் பிள்ளையை விட்டான், ஈடிபஸ் ஊரை விட்டான், இவர் அரசு என்ற ஆசையையே விட்டார். நிமித்திகன் சொன்னது பலிக்க இடமே இல்லாமல் போனது. அப்படிப்பட்டவர் பெயரில் நிற்கும் காப்பியத்தின் பதிகத்தில்தான் "ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்" என்று இருக்கிறது. நிமித்திகனைச் சினந்து பார்த்ததற்கும் உருத்து, ஊழ்வினை சினந்து வருவதற்கும் உருத்து. ஒரே சொல் இரண்டு இடத்திலும் தற்செயலாக விழுந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் தெரிந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் கசாண்ட்ராவைத்தான் காட்டுவேன். எஸ்கிலஸின் அகமெம்னான் நாடகம், கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறியது. ட்ராய் அரசன் மகள், போரில் பிடிபட்டு, வென்று திரும்பும் அரசன் அகமெம்னானின் வண்டியில் வந்து இறங்குகிறாள். வருவதை அறியும் வரம் அப்போலோ கொடுத்தது, யாரும் நம்பமாட்டார்கள் என்ற சாபமும் அவர் கொடுத்ததுதான். அரசி கிளைட்டெம்னெஸ்ட்ரா உள்ளே வா என்று கூப்பிட்டுப் பார்க்கிறாள், கசாண்ட்ரா பேசவே இல்லை. அரசி போனபிறகுதான் அலறல் வருகிறது. அந்த வீட்டில் முன்பு வெட்டப்பட்ட குழந்தைகள், இப்போது அரசி கையால் விழப்போகிற அரசன், கூடவே தன் சாவு, எல்லாவற்றையும் சொல்கிறாள். சுற்றி நிற்கும் பெரியவர்களுக்குப் பழைய கதை புரிகிறது, இனி வருவது புரியவில்லை. குறிசொல்லும் கோலையும் மாலைகளையும் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு நடக்கிறாள். வாசலில் சட்டென்று பின்வாங்குகிறாள். என்ன ஆயிற்று என்கிறார்கள். ரத்த வாடை அடிக்கிறது. பலி கொடுத்த வாடைதான் அது என்கிறார்கள். கல்லறையிலிருந்து வரும் வாடை மாதிரி இருக்கிறது என்கிறாள். அப்புறம் உள்ளே போகிறாள். யாரும் இழுத்துப் போகவில்லை. அந்த ஓரடி பின்வாங்கலை எழுதிய எஸ்கிலஸை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. முடிவு தெரியும், துணிந்தும்விட்டாள், ஆனாலும் உடம்பு ஒரு கணம் மறுக்கிறது.

எஸ்கிலஸின் இன்னொரு நாடகத்தில், கி.மு. 467இல் வந்தது, ஈடிபஸின் மகன் எட்டியக்ளீஸ் தீப்ஸின் ஏழு வாயில்களுக்கும் ஆள் நிறுத்தும்போது ஏழாவது வாயிலில் எதிரே நிற்பது தன் உடன்பிறந்தவன் என்று தெரிகிறது. போகாதே என்று ஊர்ப் பெண்கள் கெஞ்சியும் தகப்பன் விட்ட சாபத்தைச் சொல்லிக்கொண்டே போகிறான். அவனை நான் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

பாட்டியிடம் வருகிறேன். லயஸும் பாட்டியும் கேட்டது ஒரே மாதிரி வாக்குதான், பிள்ளையை முன்வைத்து ஒரு சாவு. அவன் பிள்ளையைத் தன்னிடமிருந்து தள்ளினான், பாட்டி பிள்ளையை அணைத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளிவைத்தார். இரண்டும் பயம்தான், ஆனால் அந்தப் பயத்தை யாருக்காகப் பட்டார்கள் என்று பார்த்தால் இரண்டு பேரும் வெவ்வேறு கரையில் நிற்கிறார்கள். பாட்டியின் பயத்தால் மாமா இழந்தது கொஞ்சமில்லை, நீச்சல், படகு, நண்பர்கள், ஒரு முழு இளமை. அதையும் நான் மறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன், மாமா முன்னால் உட்கார்ந்திருந்தார், பின்னால் பிள்ளைகள் தலையில் மணலோடு தூங்கிவிட்டார்கள். அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டார், முழுக் கதையும் சொன்னேன். குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். ஜாதகம், தாயத்து பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அந்த ஆடு மேய்க்கிறவரு என்ன ஆனாரு?"

நாடகத்தில் அதற்கு அப்புறம் அவர் வருவதில்லை மாமா என்றேன். ஆனால் ஒன்று இருக்கிறது, மூன்று சாலை அடிதடியில் தப்பித்த ஒரே ஆளும் அவர்தான், ஊருக்குத் திரும்பி வந்து ஈடிபஸ் அரியணையில் இருப்பதைப் பார்த்ததும் யொகாஸ்டாவின் கையைப் பிடித்து, இந்த ஊர் கண்ணிலேயே படாத தூரத்துக்கு என்னை மாடு ஆடு மேய்க்க அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், இத்தனை வருடமும் அங்கேதான் இருந்தார் என்றேன்.

பிடோக் திரும்பும் விளக்கில் சிவப்பு விழுந்தது. மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சப் பிள்ளம்மா. தூக்கிப் போட மனசு வரலை அவருக்கு, பாவம்."