19 கப்பலுக்குக் கயிறு கட்டியாச்சு, பாக்கி 24

ஐப்பசி அடைமழையில் மூன்றாம் நாள் காலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், சித்திரையில் நான் ஊசி மாதிரி நிறுத்திவைத்த பாய்மரங்கள் எல்லாம் கும்பிடு போட்டபடி நின்றன. 1781-ல் நடந்த ஒரு கடற்சண்டையை மேசையில் ஆடிப் பார்க்க நான் செய்கிற குட்டி மாதிரிக் கப்பல்கள் இவை. ஒன்பது கப்பல், ஆறு மாத வேலை. பருத்தி நூல் ஈரம் குடித்தால் சுருங்கி இறுகும் என்பது கொடியில் துணி காயப்போடுகிற எல்லோருக்கும் தெரியும். நான்தான் தேன்மெழுகு தடவிவிட்டால் ஈரம் ஏறாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடலூர் ஈரத்துக்கு மெழுகெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அளவு ஆயிரத்து இருநூறில் ஒரு பங்கு. 74 பீரங்கி தாங்கிய ஒரு போர்க்கப்பல் நாலரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். உடல் பகுதி, பாய், கடல் தளம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். பாய்மரம் மட்டும் ஊதுபத்திக் குச்சி. கைத்துளைப்பானில் மாட்டிச் சுழலவிட்டு உப்புத்தாளால் பிடித்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வரை இளைக்கும், உடையாது. ஆனால் இறுகும் நூல் இழுத்தால் வளையும், அதுதான் நடந்தது.

அடுத்து பாலியஸ்டர் நூல். அது சுருங்கவில்லை. ஆனால் முடிச்சில் ஃபெவிக்விக் ஒரு பொட்டு வைத்தால், பத்து நிமிடத்தில் கறுப்பு நூலைச் சுற்றி விபூதி பூசியதுபோல வெள்ளை படிந்தது. காற்றில் ஈரம் அதிகமானால் அந்தப் பசையின் ஆவி இப்படித்தான் வெள்ளையாய் படியும். மின்விசிறி வைத்தேன், பசையைக் குண்டூசி முனையில் தொட்டு வைத்தேன், நள்ளிரவில் உட்கார்ந்தும் பார்த்தேன். வெள்ளை குறைந்தது, போகவில்லை. பொறுமைதான் போனது.

கடைசியில் கை கொடுத்தது மோட்டார் காயில் (சுருள்) கட்டுகிற செப்புக் கம்பி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காயில் கடையில் 40-ம் நம்பர் கம்பி ஐம்பது கிராம் கேட்டேன். "மிக்ஸியா, ஃபேனா?" என்றார். "கப்பல்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, எடை போட்டுக் கொடுத்துவிட்டார். இந்தக் கம்பியின் பருமன் 0.12 மில்லிமீட்டர். ஆயிரத்து இருநூறால் பெருக்கினால் பதினாலரை சென்டிமீட்டர். பெரிய போர்க்கப்பலில் நடு பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிற வடம் ஏறக்குறைய அவ்வளவு பருமன்தான். மற்ற கயிறுகளுக்கு அதைவிட மெல்லிய 44-ம் நம்பர். இன்னொரு லாபம், கம்பியின் மேல் பூச்சு செம்பழுப்பு. தார் பூசிய கயிற்றின் நிறம் கடையிலிருந்தே வந்துவிடுகிறது, பெயின்ட் வேலை மிச்சம்.

சூட்சுமம் கம்பியை நேராக்குவதில் இருக்கிறது. சுருளிலிருந்து வரும்போது தலைமுடி மாதிரி நெளிந்திருக்கும். விரலால் நீவினால் இன்னும் மோசம். ஒரு அடி வெட்டி, ஒரு முனையை மேசை விளிம்பில் கவ்வவிட்டு, மறுமுனையைக் குறடால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ஓரிடத்தில் கம்பி 'ம்' என்று ஒரு நூல் அளவு இளகிக் கொடுக்கும். கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் அறுந்துவிடும். நிறுத்தினால் கம்பி ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நேராகிவிடும். பிறகு இரண்டு புள்ளிக்கும் இடையே கவராயத்தால் அளந்து வெட்டி, முனையில் ஃபெவிகால் தொட்டு இடுக்கியால் வைத்தால் போதும். முடிச்சு கிடையாது, இழுவை கிடையாது, பாய்மரம் வளைய வழியே இல்லை. ஒரு கப்பலுக்கு 34 துண்டு. முதல் கப்பலுக்கு நாலு நாள் ஆனது, பத்தொன்பதாவதை ஒரே ராத்திரியில் முடித்தேன். இந்தக் கார்த்திகை மழையில் ஒன்றுகூட அசையவில்லை!

தேவனாம்பட்டினத்தில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "பருமல் இருக்கு, ஆஞ்சான் எங்க தம்பி? பாயை எதைப் புடிச்சு ஏத்துவ?" என்றார். பருமல் என்பது பாய் தொங்குகிற குறுக்குக் கட்டை, ஆஞ்சான் அதை ஏற்றுகிற கயிறு. 34 துண்டு 37 ஆனது இப்படித்தான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு வாய்ச்சண்டை. அமெரிக்க விடுதலைப் போரில் முடிவைத் தீர்மானித்த சண்டை எது என்று புதுச்சேரி புஸ்ஸி வீதி டீக்கடையில் ஆரம்பித்தது. முத்தியால்பேட்டை நண்பர் சரடோகா கட்சி. 1777 அக்டோபர் 17-ல் அங்கே ஆங்கிலேயத் தளபதி பர்கோய்ன் படையோடு சரணடைந்தார், அதைப் பார்த்துத்தான் 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் போட்டது, பிரான்ஸ் வராவிட்டால் வாஷிங்டன் எங்கே என்பது அவர் வாதம். "எங்க ஊரே சாட்சி. சரடோகா முடிஞ்சு சரியா ஒரு வருஷத்துல, 1778 அக்டோபர்ல, வெள்ளைக்காரன் புதுச்சேரியைப் புடிச்சிட்டான். அந்தச் சண்டையோட அலை இங்க வந்து அடிச்சதுய்யா" என்பார். நல்ல வாதம்தான், மறுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எங்களோடு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் யார்க்டவுன் கட்சி. 1781 அக்டோபர் 19, ஆங்கிலேயத் தரப்பில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்த இடம். அங்கே தோற்றவர், பள்ளிக்கூடத்தில் நிலவரித் திட்டத்துக்காக நாம் மனப்பாடம் செய்த அதே காரன்வாலிஸ். "சரணடைஞ்ச இடத்தை விட்டுட்டு வேற எங்கப்பா தேடுறீங்க?" என்பார் சார்.

நான் செசபீக் விரிகுடாக் கடற்சண்டை கட்சி. 1781 செப்டம்பர் 5. பிரெஞ்சு தளபதி த கிராஸிடம் 24 கப்பல், ஆங்கிலேயர் கிரேவ்ஸிடம் 19. மாலை நாலு மணிக்கு மேல் தொடங்கி பொழுது சாய்ந்ததும் முடிந்துவிட்டது. சண்டையின்போது ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆனால் யார்க்டவுனில் மாட்டிக்கொண்ட காரன்வாலிஸுக்குக் கடல் வழி அதோடு அடைபட்டது. இரண்டு கடற்படையும் வெளியே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த நாட்களில் பராஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் முற்றுகைப் பீரங்கிகளோடு விரிகுடாவுக்குள் நழுவி வந்துவிட்டார். அந்தப் பீரங்கிகள் இல்லாமல் சாருடைய யார்க்டவுன் ஏது? சரடோகாவுக்கும் பதில் வைத்திருக்கிறேன். பிரான்ஸ் சேர்ந்த பிறகும் 1778-ல் நியூபோர்ட்டில் காரியம் ஆகவில்லை, 1779-ல் சவன்னாவிலும் ஆகவில்லை. துணை வந்ததால் மட்டும் போர் முடியவில்லை, அந்த ஒரு மாலை வேண்டியிருந்தது.

வாயால் பேசித் தீராது, மேசையில் ஆடிப் பார்ப்போம் என்று மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் இறங்கினோம். நான் கிரேவ்ஸ், நண்பர் த கிராஸ், சார் நடுவர். பிரெஞ்சுக் கப்பல்களுக்குப் பதில் சோடா மூடி 24. அன்று நடந்தது போலவே வரிசை கலையாதே என்ற கொடியும் நெருங்கித் தாக்கு என்ற கொடியும் ஒன்றாகப் பறக்க வேண்டும் என்று சார் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் பின்னால் வந்த ஆங்கிலேயத் தளபதி ஹூட்டின் பிரிவு, அன்றைக்குப் போலவே, கடைசிவரை வேடிக்கைதான் பார்த்தது. இரண்டு ஆட்டமும் தோல்வி. மூன்றாவதில் நான் சண்டையே போடாமல் நேரே விரிகுடா வாய்க்குள் நுழைந்து வரிசையாக நங்கூரம் போட்டேன். மூடிகள் வெளியே, நான் உள்ளே. காரன்வாலிஸ் பிழைத்தார்.

"பாத்தீங்களா, இந்த ஒரு இடம் மாறினா எல்லாம் மாறுது" என்றேன்.

"சண்டையே நடக்கலையேப்பா, அப்புறம் எந்தச் சண்டை தீர்மானிச்சுது?" என்றார் சார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பிரெஞ்சுக் கப்பல்களுக்கு உடல் தயார், ஓட்டைகூடப் போட்டுவிட்டேன். வெளியூரிலிருந்து தருவித்த சின்னக் கொடித் தாள்கள் மட்டும் அளவு தவறி வந்தன. திருப்பி எடுக்கமாட்டார்களாம், அந்தக் கடை பக்கம் இனி போவதாயில்லை. பண்ருட்டியில் கொலு பொம்மை செய்கிற ஒருவர், "தாளை ஏன் வாங்குறீங்க, வெங்காயத் தோலுக்குச் சாயம் போடுங்க, காத்துல பறக்கிற மாதிரியே சுருளும்" என்றார். சோதித்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு பிடிக்கிறது, நீலம் பிடிக்கவில்லை.

இதற்கிடையே மனசு அடுத்த மேசைக்குப் போய்விட்டது. இதே போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நம்ம ஊர்க் கடலில்தான். 1783 ஜூன் 20, கடலூருக்கு எதிரே ஆங்கிலேயர் ஹியூஸிடம் 18 கப்பல், பிரெஞ்சுக்காரர் சுஃப்ரேனிடம் 15. கரையில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி முற்றுகைக்குள். ஐரோப்பாவில் சமாதானம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது, செய்தி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆனது. 74 பீரங்கிக் கப்பல் எங்கும் 74 பீரங்கிக் கப்பல்தான் என்பதால் செசபீக் கப்பல்களையே கொடி மாற்றி ஓட்டிவிடலாம். ஒன்று மட்டும் புதிதாக வேண்டும். செசபீக்கில் ஜெயித்த த கிராஸ் அடுத்த ஏப்ரலில் கரீபியக் கடலில் தன் கப்பலோடு பிடிபட்டார். அதனால் தளபதிகள் இனி வரிசைக்கு வெளியே சிறு கப்பலில் நிற்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசு ஆணை போட்டுவிட்டது. கடலூரில் சுஃப்ரேன் நின்றது 'கிளியோபாத்ரா' என்ற சிறு கப்பலில்.

அதை நேற்றே கட்டி முடித்துவிட்டேன், ஆஞ்சானோடு. முத்தியால்பேட்டை நண்பர் வந்து பார்த்தார். பக்கத்தில், மூன்று தளமும் 104 பீரங்கியும் கொண்ட த கிராஸின் கப்பல் 'வில் த பாரி' ஒரு கயிறுகூட இல்லாமல் கிடந்தது.

"உங்க சண்டையில ஜெயிச்சவரை மொட்டையா விட்டுட்டு எங்க ஊர்க்காரருக்கு அலங்காரமா?" என்றார்.

44-ம் நம்பர் கம்பி தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காயில் கடைக்குப் போக வேண்டும், இந்த முறை நூறு கிராம்.