வெள்ளை நூலைக் கண்டும் ஒன்பது நாள்களை இழந்தேன்

கீழக்கரையில் எங்கள் வீட்டு முன்னறைத் தொட்டியில் மூன்று ஆண்டுகளாக வளர்ந்து, இரண்டு முறை முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்த ஏஞ்சல் மீன் ஜோடியில், ஆண் மீன் சென்ற ஏப்ரலில் இறந்துவிட்டது. பெண் மீன் பிழைத்துக்கொண்டது. இரண்டுக்கும் வந்தது ஒரே நோய்தான் என்று நம்புகிறேன். ஆண் மீனை இழந்ததற்கு நோயைக் காட்டிலும் முதல் ஒன்பது நாள்கள் நடந்த தவறான வைத்தியமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் வாங்கி வந்த நான்கு இளம் ஏஞ்சல் மீன்களைத் தனியே வைத்துக் கவனிக்காமல் அன்று மாலையே பெரிய தொட்டியில் விட்டது என் முதல் தவறு. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, ஆண் மீன் இரையை வாயில் வாங்கி, இரண்டு முறை மென்று, பிறகு உமிழத் தொடங்கியது. வயிறு ஒட்டியது, நிறம் கருத்தது, பகல் முழுவதும் ஃபில்டரின் பின்னால் ஒதுங்கி நின்றது. ஆசனவாயிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு, பாதி ஒளி ஊடுருவும் வெள்ளை நூல் போன்ற கழிவு அறுந்து விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உடலில் ஒரு புள்ளியோ புண்ணோ இல்லை. செதிலும் துடுப்பும் முழுதாக இருந்தன. நோய் வெளியில் இல்லை, உள்ளே இருக்கிறது என்பதை அப்போதே உணர்ந்திருக்க வேண்டும்.

அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் அலைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கழிவு எப்படி இருக்கிறது என்று கடைக்காரர் கேட்கவே இல்லை. எல்லா நோய்க்கும் இதுவே போதும் என்று மெத்திலீன் ப்ளூ பாட்டிலையும், கூடவே கல் உப்பு போடும்படி ஒரு யோசனையையும் கொடுத்து அனுப்பினார். முட்டைகளிலும் தோலிலும் பூஞ்சை பிடிக்காமல் காப்பதற்கு அந்த நீல மருந்து பயன்படும். குடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை அது ஒன்றும் செய்யாது. மாறாக, அம்மோனியாவை மாற்றிக் கொடுக்கும் நல்ல பாக்டீரியாக்களை ஃபில்டரிலேயே அழித்துவிடும். ஐந்தாம் நாள் தண்ணீரில் ஒரு வாடை கிளம்பியது. சோதனைத் திரவம் விட்டுப் பார்த்தபோது அம்மோனியா ஏறியிருந்தது. ஏற்கெனவே இரையெடுக்காமல் மெலிந்திருந்த மீன் அதையும் தாங்க வேண்டியதாயிற்று. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அது தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. அதே வாரத்தில் பெண் மீனிடமும் வெள்ளைக் கழிவு தென்பட்டது.

கால்நடை மருத்துவமனைக்கு மூன்று முறை நடந்தேன். முதல் நாள் மருத்துவர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் ஆடுகளோடு வந்தவர்களுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு, பதிவேட்டில் மீனுக்கு இடமில்லை, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டுச் சீட்டுப் போட மறுத்துவிட்டார்கள். கடலோர ஊரில் மீனுக்கு வைத்தியமா என்று வரிசையில் ஒருவர் சிரித்தது இன்னும் மனதை உறுத்துகிறது.

வழி காட்டியவர், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த நண்பரின் தம்பி. தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியே கழிவைப் பற்றியதுதான். ஆசனவாயில் சிவப்பு நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் புழு. அதற்கு லெவாமிசோல் வேண்டும். நாடாப்புழு என்றால் பிராசிகுவான்டெல். வெள்ளை நூல், ஒட்டிய வயிறு, இரையை உமிழ்தல் ஆகிய மூன்றும் ஏஞ்சல் மீனில் சேர்ந்து வந்தால் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற நுண்ணுயிரைச் சந்தேகிக்கலாம்; அதற்கு மெட்ரோனிடசோல். சில நாள் பட்டினி கிடக்கும் மீனும் வெறும் சளியை வெள்ளையாகக் கழிக்கும் என்பதால், கழிவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றும் எச்சரித்தார்.

உறுதி செய்துகொள்ள, கழிவை ஒரு சிறு குப்பியில் எடுத்துக்கொண்டு, விலங்கியல் ஆசிரியரான நண்பரின் பள்ளி ஆய்வகத்துக்குப் போனேன். நுண்ணோக்கியில் ஒரு அசைவும் இல்லை. இந்த உயிரிகள் வெளியே வந்த சில நிமிடங்களிலேயே ஓய்ந்துவிடும், நான் கொண்டுபோய்ச் சேர்க்க முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எனவே கடைசிவரை இது சந்தேகத்தின் பேரில் செய்த வைத்தியமே.

மெட்ரோனிடசோல் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. மருந்துக் கடையில் மறுத்ததில் தவறில்லை. மூன்றாம் முறை மருத்துவரையே நேரில் பார்த்து, அந்தத் தம்பி சொன்ன அளவுகளை எழுதிக் காட்டினேன். அலங்கார மீனில் தனக்குப் பழக்கமில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன அவர், அளவைக் கணக்கிட்டுச் சரிபார்த்து, 200 மில்லிகிராம் மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

பெண் மீனை 30 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, ஃபில்டரில் இருந்த, மருந்தை உறிஞ்சிவிடும் கரியை எடுத்துவிட்டு, ஒரு மாத்திரையைப் பொடித்து வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கரைத்து ஊற்றினேன். நாள்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றிய பிறகே அடுத்த மாத்திரை. இந்தத் தண்ணீர்தான் எங்கள் பகுதியில் பெரும்பாடு. கிணற்று நீர் உப்பு. காவிரிக் குடிநீர் எங்கள் தெருவுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறைதான் வரும். இரண்டாம் நாள் சேமித்த நீர் தீர்ந்துபோய், குழாயில் அப்போதுதான் வந்த நீரை அரைக் குடம் நேராக ஊற்றிவிட்டேன். குளோரின் தாங்காமல் மீன் செவுள்களை விரித்துக்கொண்டு நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடியது. ஆன்டி குளோரின் துளிகளை விட்டு, ஏர் பம்பைக் கூட்டிவைத்து, அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குடத்து நீரை ஒரு நாளாவது காற்றோட்டத்தோடு வைத்திருந்து ஊற்றுங்கள். அவசரம் என்றால் துளிகளைக் குடத்திலேயே விடுங்கள்.

குடலில் இருக்கும் நோய்க்கு மருந்து இரையோடு உள்ளே போவதே சிறப்பு. மீன் இரையெடுப்பதை அடியோடு நிறுத்துவதற்குள் தொடங்கிவிட வேண்டும். பத்து கிராம் இரைக்கு நூறு மில்லிகிராம் என்பது கணக்கு. இறாலை உரித்து, ஆவி காட்டி அரைத்தேன். தண்ணீரில் கரையாமல் பிடித்துவைக்க ஒரு பொருள் தேவைப்பட்டபோது, “நோன்புக்கு வாங்குன கடல்பாசி மிச்சம் கெடக்கு தம்பி, கொண்டு போங்க” என்று பக்கத்து வீட்டு லாத்தா கொடுத்தார். அதைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், அரைத்த இறாலையும் இரண்டு பூண்டுப் பற்களின் சாற்றையும் சேர்த்து, நாற்பது கிராமுக்கு இரண்டு மாத்திரைப் பொடியைக் கலந்தேன். இறுகியதும் கடுகளவாக நறுக்கி உறையவைத்தேன்.

மருந்து கசப்பு. முதல் இரண்டு நாளும் மீன் எடுத்து எடுத்து உமிழ்ந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு துண்டு வாய்க்குள் போனது, வெளியே வரவில்லை. இன்னொன்றைத் தேடி அது மேலே வந்தது. அன்றோடு நீரில் மருந்து விடுவதை நிறுத்தி, ஐந்து நாள் இரையில் மட்டும் கொடுத்தேன். ஆறாம் நாள் தொட்டியின் அடியில் இறால் நிறத்தில், தடித்த, குட்டையான கழிவு கிடந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பெரிய தொட்டியிலிருந்த நான்கு இளம் மீன்களுக்கும் அதே இரையை ஐந்து நாள் கொடுத்து, நீல மருந்தால் கெட்ட ஃபில்டரில் நல்ல பாக்டீரியாக்களைப் புதிதாக வளரவிட்டு, அம்மோனியா இல்லை என்று சோதித்த பிறகே பெண் மீனைத் திரும்ப விட்டேன். வயிறு நிரம்பிவிட்டது; பின் துடுப்பின் ஓரத்தில் மட்டும் அந்தக் கருமை இன்னும் முழுதாக மறையவில்லை. முப்பது லிட்டர் தொட்டியைக் கழுவிக் காயவைத்து, இனி வாங்கும் மீன்களை மூன்று வாரம் அதில் வைப்பதற்காக முன்னறையிலேயே வைத்திருக்கிறேன்.