கிரேக்கம், லத்தீனில் முதுகலை: போவதற்கு முந்தைய வருடம்தான் முக்கியம்

கிளாசிக்ஸில், அதாவது பண்டைய கிரேக்க, ரோமானிய இலக்கியத்தில், எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "மொழி தொடங்கிவிட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம்.

நான் படித்தது லண்டனில், ஒரு வருடம். இளங்கலையில் ஆங்கில இலக்கியம். ஹோமரையும் வெர்ஜிலையும் மொழிபெயர்ப்பில் படித்த ஆசையோடு போனேன். பிரிட்டனில் பல இடங்களில் கிளாசிக்ஸ் எம்.ஏ.வுக்குக் கிரேக்கம், லத்தீன் இரண்டில் ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும். பண்டைய வரலாறு போன்ற பிரிவுகளில் மொழி தெரியாமலும் சேரலாம். தொடக்கநிலை கிரேக்கத்தை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். நான் அந்த வழியில்தான் நுழைந்தேன். மொத்தம் 180 கிரெடிட், அதில் 60 ஆய்வேட்டுக்கு. மற்ற பாடங்களின் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு மொழியை எழுத்திலிருந்து கற்பது மூச்சு முட்டும் வேலை. பண்டைய ஏதென்ஸில் வழக்குகளுக்கு உரை எழுதித் தந்த லிசியாஸின் நீதிமன்ற உரை ஒன்றில் இருபது வரி படிக்க எனக்கு நான்கு மணி நேரம் ஆனது.

தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்களுக்கு ஒரு நல்ல பிடி உண்டு. வேற்றுமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லத்தீனில் ஆறு, கிரேக்கத்தில் ஐந்து. விளி இரண்டிலும் உண்டு. லத்தீனின் அப்ளேட்டிவ் என்ற வேற்றுமை, நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையை ஒன்றாகச் செய்கிறது. அதைப் பார்த்த அன்று அந்த உருபுப் பட்டியல் மீது இருந்த பயம் போய்விட்டது. யாப்பிலும் அப்படித்தான். குறில், நெடில், ஒற்று பார்த்து அசை பிரித்த காதுக்கு ஹோமரின் ஆறு சீர் அடி சீக்கிரமே பிடிபடும்.

கிரேக்க வினைகள்தான் கடினம். 'ஃபெரோ' என்றால் சுமக்கிறேன். சுமப்பேன் என்பது 'ஒய்சோ'. சுமந்தேன் என்பது 'ஏனெங்கா'. மூன்றுக்கும் வேர் வேறு. இதற்குக் குறுக்கு வழி கிடையாது, தினமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிடக் காலையில் ஒரு மணி நேரம் எவ்வளவோ மேல்.

மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிரே அச்சான லோயப் வரிசை நூல்கள் உங்கள் கைக்கு வரும். கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு. இடப் பக்கம் மூலம், வலப் பக்கம் ஆங்கிலம். கண் தானாக வலப் பக்கம் ஓடும். நான் ஒரு தடித்த அட்டையால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் படித்தேன். நோட்டில் வரியை எழுதி, சொல்லுக்கு மேலே பொருளை எழுதாமல் வேற்றுமை எண்ணை மட்டும் குறித்தேன். பொருளை எழுதிவிட்டால் அடுத்த முறை அதைத்தான் படிப்போம், கிரேக்கத்தை அல்ல. பெர்சியஸ் இணைய நூலகத்தில் சொல்லைச் சொடுக்கினாலே இலக்கணம் வந்துவிடும். நீங்களே ஒரு முறை முயன்ற பிறகு சொடுக்குங்கள்.

உதவித்தொகைக்கு பிரிட்டிஷ் அரசு நிதியில் நடக்கும் செவனிங், காமன்வெல்த் இரண்டையும் பாருங்கள். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அந்த இரண்டு வருடமும் மொழிக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி. எண்ணம் இருந்தால் ஜெர்மனும் வேண்டும், இத்துறையின் முக்கியமான ஆய்வுகளில் பல அதில்தான் இருக்கின்றன.

என் ஆய்வேடு வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் பற்றியது; பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிரேக்கத்தில் எழுதிய ஆவணம் அது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் அகநானூற்று 149ஆம் பாட்டைப் பள்ளி நாளிலிருந்தே அறிவேன். அந்தப் பாப்பிரஸின் படத்தைத் திரையில் பெரிதாக்கி, சிதைந்த எழுத்துகளுக்கு நடுவே 'கதா முசெய்ரின்' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். கிரேக்க உருபு ஏற்று, இரண்டாம் வேற்றுமையில், முசிறி.