எடை ஏறிக்கொண்டே போகிறது

ஜூன் 9

கம்ப்யூட்டரில் கட்டிய நியூரான் வலை மறுபடியும் வெடித்துவிட்டது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கி, காலையில் பார்த்தால் அத்தனை சினாப்ஸும் (நியூரான்களுக்கு இடையிலான இணைப்பு; அதன் பலம்தான் எடை) உச்சவரம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நியூரான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் துடிக்கின்றன. மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸில் இருக்கும் சிஏ3-ன் பெயர் வைத்த வலையில் இப்போது இருப்பது வலிப்புதான்.

ஜூன் 10

1949-ல் உளவியலாளர் ஹெப் சொன்னதை அப்படியே கோடில் எழுதினால் இதுதான் நடக்கும். ஒரு செல் இன்னொன்றைத் திரும்பத் திரும்பத் துடிக்கவைத்தால் இணைப்பு பலப்படும், பலப்பட்டதால் இன்னும் அதிகம் துடிக்கவைக்கும், அதனால் இன்னும் பலப்படும், கந்துவட்டி மாதிரி. 1982-ல் பீனன்ஸ்டாக், கூப்பர், மன்ரோ மூவரும் சொன்ன வழி: செல் அதிகம் துடித்தால் பலப்படுவதற்கான வாசலும் (எவ்வளவு துடித்தால் பலப்படும் என்ற எல்லை) தானாக உயரட்டும். சரி, போட்டேன். அடங்குகிறது. ஆனால் வாசல் சில நொடிகளில் உயர்ந்தாக வேண்டும், தாமதித்தால் பழைய கதைதான்.

போன் வரவில்லை.

ஜூன் 11

அண்ணன்தான் கூப்பிட்டான். "இன்னும் தகவல் இல்லையாடா?" இல்லை.

ஜூன் 13

இந்தச் சில நொடிகள்தான் தொண்டையில் சிக்கி நிற்கிறது. 1998-ல் டுரிஜியானோ குழு எலியின் மூளைப் புறணி செல்களை வளர்த்து, துடிப்பை மருந்தால் அடக்கிப் பார்த்தார்கள். சினாப்ஸ்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள இரண்டு நாள் பிடித்தது. உயிருள்ள செல் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் வேலையை என் செல் நொடியில் முடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் வலை பிழைக்காதாம். 2013-லேயே கெர்ஸ்ட்னர் குழு இதைச் சொல்லிவிட்டது, வேகமான கட்டுப்பாடு ஏதாவது ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று. அது எது? சாரிடம் கேட்டால், "ஒரு பேராமீட்டர்தானே, மாத்திட்டு எழுதுப்பா" என்கிறார். எழுதலாம். எழுதிவிட்டு மூளையைப் பற்றி எழுதினேன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 14

கிளஸ்டரில் (எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் கணினிக் கூட்டம்) க்யூ. போனில் சத்தத்தை முழுசாக வைத்துவிட்டேன், பக்கத்து சீட்டில் முறைக்கிறார்கள்.

ஜூன் 17

வந்துடுச்சு! துடிப்பைத் தடுக்கும் சினாப்ஸ்களையும் கற்கவிட்டேன் (2011-ல் வோகல்ஸ் காட்டிய விதி). பாதி வடிவத்தைக் கொடுத்தால் மீதியை வலையே நிரப்புகிறது. எல்லாருக்கும் காப்பி என் கணக்கில். போனை நாலு மணி நேரம் பார்க்கவே இல்லை.

ஜூன் 18

பார்த்தேன். ஒன்றுமில்லை.

கால்சியம் வேறு உறுத்த ஆரம்பித்துவிட்டது. முன்செல் (துடிப்பை அனுப்பும் செல்) இருபது மில்லிசெகண்டுக்குள் முந்தினால் பலப்படும், பிந்தினால் பலவீனப்படும் என்ற அந்த அழகான வளைவு, மூளைக்குள் இருப்பதைவிட அதிகக் கால்சியம் ஊற்றிய திரவத்தில் எடுத்தது. 2020-ல் மூளையின் அளவுக்கே இறக்கிப் பார்த்தார்கள், வளைவு காணாமல் போயிற்று. என் விதி முழுக்க அந்த வளைவின் மேல்தான் நிற்கிறது.

ஜூன் 20

கால்சியத்தை 1.3 மில்லிமோலாருக்கு இறக்கினேன். எதுவும் பலப்படவில்லை. துடிப்புகளைக் கொத்தாகக் கொடுத்தால் மட்டும் ஏறுகிறது, அந்த 2020 சோதனையிலும் அப்படித்தான் வந்தது. கொத்து அபூர்வமாக வந்தால் எடை ஏறுவதும் அபூர்வம், அப்படியானால் வாசல் அவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லையோ? வாசலை மணிக்கணக்குக்கு மெதுவாக்கி ஓடவிட்டிருக்கிறேன், க்யூவில் முன்னால் இன்னும் மூன்று பேர்