டின்னில் வந்த எம்20

எஞ்சினை நாமே கழற்றிப் பூட்டுவது ஒரு வேலை. இன்னொருத்தர் கழற்றிப் போட்டதைப் பூட்டுவது வேறு வேலை. பர்மாவில் முடோன் ரப்பர் தோட்டத்து வீடொன்றிலிருந்து நான் மோல்மேனுக்கு ஏற்றிவந்த பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார்சைக்கிள் இரண்டாவது ரகம். சட்டமும் கியர்பாக்ஸும் முழுசாக இருந்தன. எஞ்சின் மட்டும் மண்ணெண்ணெய் டின்களில் உதிரியாகக் கிடந்தது. கழற்றியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

எம்20 யுத்த காலத்து வண்டி. பர்மிங்காமில் செய்து, ஒரு லட்சத்துக்கும் மேல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். ஒற்றை சிலிண்டர், 496 சிசி. சிலிண்டர் துளையின் விட்டம் (போர்) 82 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 94 மி.மீ. வால்வு இரண்டும் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும், ஹெட்டில் ராக்கர் கீக்கர் எதுவும் கிடையாது. வேகம் கேட்கக்கூடாது. இழுக்கும்.

கையேடு போனில் பிடிஎஃப்பாகக் கிடைத்தது. என் இங்கிலீஷ் அரைகுறை என்பதால் அண்ணன் மகள் படித்துச் சொல்வாள், நான் கை எண்ணெயோடு உட்கார்ந்திருப்பேன். கழற்றுகிற பாடம் பக்கம் பக்கமாகப் போயிற்று. பூட்டுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா?"

"கழற்றின வரிசையைத் திருப்பிச் செய்யணுமாம். அவ்வளவுதான் சித்தப்பா, அதோட முடிச்சுட்டான்."

கழற்றின வரிசை தெரிந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டாரே! அதனால் கையேட்டை அளவு பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு உதிரிபாகப் பட்டியலைப் பிடித்தேன். அதில் ஒவ்வொரு பாகமும் எந்த வாஷருக்குப் பின் எந்த நட்டு என்று பிரித்து வரைந்திருக்கும். பழைய லுங்கியை விரித்து, படத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் அடுக்கினேன். என்ன குறைகிறது, எது வேறு ஏதோ வண்டியுடையது என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்படி டின்னில் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பட்டியல், பிறகு கையேடு.

அடுத்த தலைவலி ஸ்பேனர். இந்த வண்டியின் நட்டுத் தலைகள் விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. ஸ்பேனரில் கால் அங்குலம் என்று போட்டிருக்கும். அது போல்ட்டின் தடிமன், நட்டின் அகலம் இல்லை. அந்த நட்டின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13ஆம் நம்பர் ஏறாது. 14 ஏறும், ஆனால் மூலையை மழுக்கிவிடும். சந்தைக்கடைத் தெருவில் ரயில்வே ஆள் ஒருவர் விற்றுப்போன பழைய ஸ்பேனர்கள் கிடைக்கும்வரை நான் எதையும் தொடவில்லை.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை, பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் அசைவு, அது இருக்கலாம். லேத் பட்டறை சயாவும் (பர்மாவில் மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்த்துவிட்டு, "ஃப்ளைவீலை நான் பிரிக்க மாட்டேன். பிரிச்சா மறுபடி நேராக்கறது பெரும்பாடு" என்றார். அப்படியே விட்டோம். ரங்கூனில் 2003 முதல் மோட்டார்சைக்கிளுக்குத் தடை, அங்கே கேட்டுப் பயனில்லை. பிஸ்டனும் ரிங்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடி, ஒன்றுவிட்ட தம்பி வாங்கி அனுப்பினான்.

பேரிங் போடத்தான் வீட்டில் சண்டை. அலுமினிய கிராங்க்கேஸ் சூட்டில் விரியும், பேரிங் குளிரில் சுருங்கும். கரண்ட்டை நம்ப முடியாத ஊர் என்பதால் கல்யாண அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு கிராங்க்கேஸைப் போட்டேன். பேரிங்கை எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக்கில் சுற்றி மீன்கடை ஐஸில் வைத்தேன். எடுத்துத் துடைத்து வைத்ததும் சுத்தியல் தொடாமல் 'டொக்'கென்று உட்கார்ந்தது. அண்டாவில் எண்ணெய் வாடை போகவே இல்லை என்று அம்மா இன்னும் சொல்கிறார்.

வால்வைத் தூக்கும் கேம் சக்கரங்களில் அடையாளம் குத்தியிருப்பதால் அது சுலபம். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோதான் படுத்தும். அதன் சக்கரம் கூம்புத் தண்டில் பிடித்து நிற்பது, நகராமல் நிறுத்தும் ஆப்பு (கீ) கிடையாது. ஆகவே நெருப்பு விழும் நேரத்தை நாம்தான் பிடிக்க வேண்டும். ஹெட் போடும் முன்பே இதைச் செய்வது நல்லது, பிஸ்டன் இறக்கத்தைக் காலிப்பரால் நேரே அளக்கலாம். இரண்டு வால்வும் மூடிய கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுபோய், கையேடு சொன்ன அளவுக்குப் பின்னால் இறக்கி, அட்வான்ஸ் லீவரை முழுக்க முன்னால் வைத்தேன். மேக்னெட்டோவுக்குள் திறந்து மூடும் தொடுமுனைகளுக்கு, அதாவது பாயின்ட்டுக்கு, இடைவெளி 0.012 அங்குலம். பாயின்ட்டுக்கு நடுவில் சிகரெட் தாளைச் செருகி லேசாக இழுத்தபடி மேக்னெட்டோவைத் திருப்பினால், பிடி விட்டுத் தாள் நழுவும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். (சுருட்டு ஊரில் சிகரெட் தாளுக்கு அலைந்தது தனிக்கதை.) நட்டை முறுக்கும்போது சக்கரம் மயிரிழை நகரும். முறுக்கிய பிறகு மறுபடி தாளை வைத்துப் பார்க்காமல் விடக்கூடாது.

வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது: இன்லெட் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.012 அங்குலம்.

ஆயில் தனி டாங்கில் இருக்கிற எஞ்சின் இது. பம்ப்பு கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாங்க் மூடியைத் திறந்து வைத்து, ரிட்டர்ன் குழாயில் எண்ணெய் துப்பும்வரை உதைத்தேன். பிறகு பிளக்கைப் போட்டு உதைக்க, கிளம்பிவிட்டது. தெருவே மறைகிற மாதிரி புகை, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன், டாப்பெட்டையும் பார்த்தேன். 6 வோல்ட் டைனமோ இன்னும் சார்ஜ் கொடுக்கவில்லை. மேக்னெட்டோவுக்கு பேட்டரி வேண்டாம் என்பதால் இப்போதைக்குப் பகலில் மட்டும் ஓட்டுகிறேன்.