வயர் கூடையில் ஒரு பேட்டரி

அக்கா வீட்டுக்காரர் பழைய காரை விற்றபோது முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "உனக்குத்தான் இந்த மாதிரிச் சாமான் பிடிக்குமே, வைத்துக்கொள்" என்றார் மாமா. 4.3 அங்குலத் திரை, உள்ளே 2012-ஆம் ஆண்டு வரைபடம். 2019-இல் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்த சேதி அதற்குத் தெரியாது. ஓரத்தில் அக்கா ஒட்டிய பிள்ளையார் மட்டும் நிறம் மங்காமல் இருந்தார்.

என்னிடம் கார் கிடையாது, சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பி எண்ணூர் முகத்துவாரம் வரை போய்வருவது வழக்கம். கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கைபேசியைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அது விழுந்தால் உடைவது திரை மட்டுமல்ல, இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி இருக்கிறது.

கருவிக்குள் இருக்கும் பேட்டரி செத்த மாதிரிதான். முழுதாகச் சார்ஜ் போட்டுக் கிளம்பினாலும் திருவொற்றியூர் தாண்டுவதற்குள் திரை அணைந்துவிடும். பதினெட்டு நிமிடம், கடிகாரம் வைத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஒரு வார வேலை என்று நினைத்தேன், இரண்டரை மாதம் பிடித்தது.

முதல் முயற்சி: காரையே சுமப்பது

கருவிக்குத் தெரிந்த ஒரே சாப்பாடு, காரின் சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சார்ஜர். அந்தத் துளையைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தால் போதுமே என்று தோன்றியது. வீட்டு யுபிஎஸ்ஸில் கிடந்த 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈய பேட்டரியை எடுத்து, இரண்டு கம்பி இழுத்து, ரிச்சி தெருவில் வாங்கிய லைட்டர் துளையை மாட்டினேன். நடு ஊசி பாசிட்டிவ், பக்கத்து ஸ்பிரிங் நெகட்டிவ். பேட்டரியின் வாயிலேயே ஒரு ஃபியூஸ் வைத்தேன். ஈய பேட்டரியில் ஷார்ட் ஆனால் கம்பி சிவக்க அதிக நேரம் ஆகாது.

இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அதை வைக்கப் பையே கிடைக்காமல், அம்மா மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும் பச்சை வயர் கூடையில் போட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். டீக்கடையில் ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வஞ்சிரமா?" என்றார்.

கணக்குப்படி இது ராஜபோகம்: 84 வாட் மணி. பாதிக்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொண்டாலும் நாள் முழுக்க ஓடும். ஆனால் காருக்குள் இருக்கும் துளை ஓரிடத்தில் இறுக்கமாகப் பதிந்திருக்கும். என் துளையோ கூடையோடு சேர்ந்து ஆடியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் தொடர்பு ஒரு கணம் அறுந்தது. அறுந்ததும் கருவி, வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "வெளி மின்சாரம் இல்லை, 30 நொடியில் அணைகிறேன்" என்று எண்ணத் தொடங்கிவிடும். நான் ஒரு கையால் பிரேக், மறு கையால் திரையில் தட்டல்.

அணைந்து மீண்டும் எழுந்தால் செயற்கைக்கோள்களைத் தேட வேண்டுமே என்று பயந்தேன். அதில் மட்டும் தொல்லை இல்லை. ஒவ்வொரு கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு உதவும். அதனால் இடையில் அணைந்தாலும் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. மாமா கொடுத்த அன்று, மாதக்கணக்கில் தூங்கி எழுந்த கருவி இடத்தைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது: துளையை ஒழிப்பது

ஆடுகிற துளையை நீக்கி, 12 வோல்ட்டை நேராக 5 வோல்ட்டாக்கிக் கொடுக்கலாம் என்று இறங்கினேன். முதலில் கைக்கு வந்தது 7805 என்ற, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சிப். மூன்று கால், மலிவு, பள்ளிக்கூடக் காலத்து நண்பன். ஆனால் அது மிச்சமுள்ள 7 வோல்ட்டை வெறும் சூடாக மாற்றி வெளியே தள்ளும். அரை ஆம்பியர் ஓடினால் மூன்றரை வாட் வெப்பம், அதாவது கருவிக்குப் போவதைவிட வீணாவது அதிகம். விரல் வைத்துப் பார்த்தேன், கொப்புளம் இரண்டு நாள் இருந்தது.

அடுத்து எல்எம்2596 சிப் வைத்த சிறிய பலகை. இது துண்டு துண்டாக மின்சாரத்தை வெட்டி அனுப்பும் வகை. சூடு மிகக் குறைவு. நீல நிறத்தில் ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பித்தான் வெளிவரும் வோல்ட்டை வைக்க வேண்டும். வாங்கி வரும்போது அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஏதோ நல்ல நேரம், கருவியை மாட்டுவதற்கு முன் யுஎஸ்பி விளக்கு ஒன்றை மாட்டிப் பார்த்தேன். ஒரு நொடி சூரியனாக எரிந்தது, அதோடு முடிந்தது. மீட்டர் வைத்தால் 11 வோல்ட்டுக்கு மேல். அதன் பிறகு இருபது சுற்றுக்குக் குறையாமல் திருப்பி 5.1-இல் நிறுத்தி, திருகின் மேல் அம்மாவின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தேன், சைக்கிள் அதிர்வில் நகராமல் இருக்க.

மின்சாரம் சரி. வழக்கமான மினி யுஎஸ்பி கேபிளில் கருவியை மாட்டினேன். வரைபடம் மறைந்து, திரையில் ஒரு கம்ப்யூட்டர் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. பேட்டரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். அதே படம்.

நான்காவது முனை

இங்கேதான் மூன்று வாரம் தொலைந்தது. மினி யுஎஸ்பி ப்ளக்கில் ஐந்து முனைகள் உண்டு: 5 வோல்ட், தகவலுக்கு இரண்டு, அடையாளத்துக்கு ஒன்று, எர்த் ஒன்று. சாதாரணக் கேபிளில் நான்காவதான அடையாள முனையை எதனுடனும் சேர்ப்பதில்லை. என் கருவி அந்த முனையைத் தொட்டுப் பார்த்துத்தான் எதனோடு சேர்ந்திருக்கிறோம் என்று முடிவு செய்கிறது. காலியாக இருந்தால் கம்ப்யூட்டர். எர்த்தோடு சேர்ந்திருந்தால் கார் சார்ஜர், எனவே வழிகாட்டு. என் பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது தன்னைக் கம்ப்யூட்டராகத்தான் அறிமுகம் செய்துகொண்டிருந்தது. (சில கருவிகள் நேராக எர்த்தைக் கேட்காமல் நடுவில் ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) கேட்கும். செய்துபார்க்கிறவர்கள் தங்கள் கருவியின் கார் சார்ஜரை மீட்டரில் அளந்துவிட்டுத் தொடங்குவது நல்லது.)

கடையில் விற்கும் கேபிளின் ப்ளக் ரப்பரில் வார்த்திருக்கும், பிரித்தால் பிய்ந்துவிடும். எனவே கழற்றி மாட்டும் வகை ப்ளக் நான்கு வாங்கி வந்தேன். அதன் பின்புறம் முனைகளுக்கு இடையே 0.8 மில்லிமீட்டர்தான் இடைவெளி. அப்பாவின் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துணி காயப்போடும் கிளிப்பில் ப்ளக்கைக் கவ்வவைத்து, சமையலறை மேடையில் உட்கார்ந்தேன். ஈயம் உருகி ஒரு மணியாகத் திரளும். அதை நான்கிலும் ஐந்திலும் சேரும்படி இழுத்துவிட்டு, மூன்றைத் தொடாமல் கம்பியை விலக்க வேண்டும். முதல் ப்ளக்கில் மூன்றும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. இரண்டாவதில் சூடு அதிகமாகி உள்ளிருந்த பிளாஸ்டிக்கே இளகி, முனைகள் பல் விழுந்த கிழவியின் வாய்போல ஆயின. மூன்றாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டு எடுத்தேன். இரு முனைகள் சேர்ந்திருந்தால் மீட்டர் கூவும். அதன் ஊசிகளை நான்கிலும் ஐந்திலும் வைத்தேன், கூவியது. மூன்றிலும் நான்கிலும் வைத்தேன், மௌனம். அந்த மௌனத்துக்காகத்தான் அவ்வளவு பாடு.

மாட்டியதும் வரைபடம் வந்தது. தண்டையார்பேட்டை, எங்கள் தெரு, எங்கள் வீடு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதற்குத்தானா என் அடுப்பு மேடை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பவர் பேங்க்

இனி ஈய பேட்டரி எதற்கு? 5 வோல்ட் தருகிற எதுவும் ஆகும். நானே பவர் பேங்க் செய்யலாம் என்று ஒரு கடையில் 18650 என்ற அளவு லித்தியம் செல் நான்கு வாங்கினேன். மேலே 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தது. அந்த அளவுச் செல்லில் நல்ல நிறுவனங்கள் தருவதே 3,500-ஐ ஒட்டித்தான். சந்தேகப்பட்டு மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 45 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது 31 காட்டியது. உள்ளே என்ன வைத்து நிரப்பியிருந்தார்களோ. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டு, கைபேசிக்கு வைத்திருந்த 10,000 பவர் பேங்க்கை எடுத்தேன்.

அந்தப் பத்தாயிரமும் உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 7,400. மாற்றும்போது போகும் நஷ்டத்தைக் கழித்தால் 6,200 கிடைத்தால் பெரிது. பின்பக்கம் பொடி எழுத்தில் இதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என் கருவி நடுத்தர வெளிச்சத்தில் 350 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. ஆக, 17 மணி நேரம். எனக்குத் தேவை நாலு மணி நேரம். இதற்காகவா இரண்டு கிலோ ஈயத்தைச் சுமந்தேன்?

ஆனாலும் முதல் நாளே எர்ணாவூர் அருகே அணைந்துவிட்டது. பவர் பேங்க்கில் மூன்று விளக்கு எரிகிறது, கருவியில் உயிர் இல்லை. வெளிச்சத்தைக் குறைத்துத் திரையையும் தூங்கவைத்திருந்தேன், சிக்கனமாம். மின்சாரம் 60 மில்லி ஆம்பியருக்கு இறங்கியதும், கைபேசியைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பவர் பேங்க் கடையை மூடிவிட்டது. உடனே கருவியும் காரை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. இரண்டுமே தாம் பிறந்த வீட்டு வழக்கத்தை மறக்கவில்லை.

இதற்கு மருந்து அபத்தமானது: வேண்டுமென்றே கொஞ்சம் வீணடிப்பது. 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் எர்த்துக்கும் குறுக்கே போட்டேன். அது எப்போதும் 100 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் தின்றுகொண்டு பவர் பேங்க்கைத் தூங்கவிடாது. கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். 17 மணி நேரம் 14-க்குக் கீழே வந்தது, யாருக்கு நஷ்டம்?

கேபிள் நீளமும் ஒரு பாடம் கற்பித்தது. பவர் பேங்க்கை இருக்கைக்கு அடியில் வைத்து இரண்டு மீட்டர்க் கேபிள் இழுத்தேன். மெல்லிய கம்பி. கருவியின் வாயில் அளந்தால் 4.4 வோல்ட்தான் வந்து சேர்ந்தது, சார்ஜ் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடியது. அரை மீட்டராக வெட்டியதும் 4.9.

வெண்ணெயும் நெய்யும்

என் சால்டர் ப்ளக் ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்றில் தாமிரம் அப்படித்தான் ஆகும். புதிது செய்ய வேண்டுமே என்று அலுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த கார் சார்ஜரைச் சும்மா பிரித்துப் பார்த்தேன். முன்னால் ஃபியூஸ், ஸ்பிரிங், பின்னால் சின்னப் பலகை. அந்தப் பலகையிலிருந்து கருவிக்குப் போவது வெறும் இரண்டு கம்பி, சிவப்பும் கறுப்பும். அடையாள முனையின் இணைப்பு கருவிப் பக்கத்து ப்ளக்குக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. கம்பியைப் பலகையின் ஓரத்தில் வெட்டி, மறுமுனையில் யுஎஸ்பி ப்ளக்கைச் சேர்த்தேன். பத்து நிமிடம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு மூன்று வாரம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

வெயில்

மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் காற்றுப் புகாத டிபன் டப்பாவில் அடைத்தது மே மாதத்தில் செய்த முட்டாள்தனம். கறுப்பு மூடி வேறு. லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. கத்திவாக்கத்தில் ஒன்பது மணி வெயிலில் கருவி தானாகவே சார்ஜை நிறுத்திவிட்டது. புத்தியுள்ள கருவி. இப்போது பவர் பேங்க் இருக்கைக்கு அடியில் நிழலில், பழைய சைக்கிள் டியூப் துண்டுக்குள், இரு வாயும் திறந்து.

காசிமேடு

சென்ற வாரம் சித்தப்பாவின் ஃபைபர் படகில் ஏறினேன். கருவியைப் பார்த்ததும் சிரித்தார். அவரிடம் கையடக்க ஜிபிஎஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கிறது; இரண்டு பென்சில் செல். "காலையில் போட்டால் சாயங்காலம் வரைக்கும் வரும். உன்னுடையதற்கு எதற்கு இவ்வளவு பெரிய வால்?" என்றார்.

அவருடைய திரை வெயிலையே வாங்கித் திருப்பிக் காட்டும் வகை. வெளிச்சம் கூடக்கூடத் தெளிவாகும். என்னுடையது பின்னாலிருந்து விளக்கு அடிக்க வேண்டிய வகை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்த பெட்டி. துறைமுகத்துத் தடுப்புச் சுவரைத் தாண்டிச் சூரியன் ஏறியதும் முழு வெளிச்சம் வைத்தால்தான் படிக்க முடிந்தது, மீட்டர் 480 மில்லி ஆம்பியருக்குப் போனது. வலை எங்கே சிக்கியது என்று குறித்து வைத்த இடங்களைச் சித்தப்பா ஒவ்வொன்றாகக் காட்டினார். என் திரையிலோ நீல வெளியில் ஒரு குட்டிக் கார் வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது. கரையை ஒட்டி வந்தபோது அது எங்களைப் பிடித்து விரைவுச் சாலையில் ஏற்றிவிட்டது. பக்கத்தில் சாலை இருந்தால் அதன் மேல்தான் நிற்க வேண்டும் என்று அதற்குப் போதித்திருக்கிறார்கள்.

ஐந்து மணி நேரம், ஒருமுறைகூட அணையவில்லை. கரைக்கு வந்து வலையை இறக்கும்போது சித்தப்பா டியூபுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதில் என் போனுக்குச் சார்ஜ் போட முடியுமா? காலையிலிருந்தே செத்துக் கிடக்கிறது."

கருவியைக் கழற்றிவிட்டு அவருடைய போனை மாட்டிக் கொடுத்தேன்.