பாடியை மாற்றினேன், லென்ஸை மாற்றவில்லை

கேமராவை மாற்றியாச்சு. கேனான் 80டி-யிலிருந்து ஆர்6 மார்க் 2-க்கு வந்திருக்கிறேன். அது 2016-ல் வந்த டிஎஸ்எல்ஆர், உள்ளே அசையும் கண்ணாடி இருக்கும்; இது 2022 கடைசியில் அறிமுகமான மிரர்லெஸ், அந்தக் கண்ணாடி இல்லாதது. மாறலாமா, பழைய லென்ஸையெல்லாம் விற்க வேண்டுமா, பேட்டரி தாங்குமா என்று சிங்கப்பூரில் தேக்கா பக்கம் பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம். சுருக்கமாகச் சொன்னால், பாடியை (லென்ஸ் சேராத கேமராவை) மாற்றுங்கள், லென்ஸுக்கு அவசரப்படாதீர்கள், கையில் மிஞ்சும் காசைப் பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்ட உதவும் அடாப்டர், மெமரி கார்டு, ஈரம் தடுக்கும் பெட்டி மாதிரி சின்னச் சாமான்களில் போடுங்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கண் பழக வேண்டும். 80டி-யில் வியூஃபைண்டர் வழியாகப் பார்ப்பது கண்ணாடியில் பட்டு வரும் நிஜ வெளிச்சம். இதில் பார்ப்பது ஒரு குட்டித் திரை. வாங்கிய புதிதில், வெயிலில் நின்றுகொண்டு டிவி பார்க்கிற மாதிரி ஒட்டாமல் இருந்தது. மெனுவில் திரையின் வேகத்தை 'ஸ்மூத்' என்று வைத்ததும் பாதிச் சங்கடம் போய்விட்டது, பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், பரவாயில்லை. ஆனால் இந்தத் திரையால் கிடைக்கிற லாபம் பெரியது. படம் எவ்வளவு வெளிச்சமாக வரப்போகிறது என்பது அழுத்துவதற்கு முன்பே தெரிகிறது. உச்சி வெயிலில் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று கோபுரத்தையும் நிழலில் நிற்கிற மனிதர்களையும் ஒன்றாக எடுக்கப் பாருங்கள். 80டி-யில் ஒன்று எடுத்து, பின்பக்கத் திரையைப் பார்த்து, குறைத்து, மறுபடி எடுக்க வேண்டும், அதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார். இதில் டயலைத் திருப்பும்போதே வானம் வெளுப்பதும் முகம் தெளிவதும் கண்ணுக்குத் தெரிகிறது. பத்து வருடமாக எக்ஸ்போஷர் மீட்டரின் முள்ளை நம்பிப் படம் எடுத்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எடுத்துப் பார்த்தால்தான் புரியும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இதை அணைத்து வைக்க வேண்டும்: ஸ்டூடியோ ஃபிளாஷை ட்ரிகர் போட்டு மேனுவலில் எடுக்கும்போது. ஃபிளாஷ் வரப்போவது திரைக்குத் தெரியாது, அறை வெளிச்சத்தை மட்டும் காட்டி முழுக்க இருட்டாக நிற்கும். வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டும் டிஸ்ப்ளே சிமுலேஷனை நிறுத்திவிட்டால் பழையபடி பளிச்சென்று தெரியும்.

அடுத்து கை. 80டி-யில் ஆன்/ஆஃப் சுவிட்ச் இடதுபக்கம், மோட் டயலுக்குக் கீழே. இதில் அது வலதுபக்கம், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. இடதுபக்கம் அதே மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் அது போட்டோவிலிருந்து வீடியோவுக்கு மாற்றுகிற சுவிட்ச். பழைய கேனான்காரர்கள் எல்லாருக்கும் கை தானாக இடதுபக்கம்தான் போகும். வலதுபக்கம் இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன், ஒரே கையில் கேமராவைத் தூக்கி, ஆன் செய்து, எடுத்துவிடலாம், இன்னொரு கையில் குடையோ குழந்தையோ இருக்கலாம். வீட்டில் டிவி பார்க்கும்போது கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே ஆன் செய்து அணைத்துப் பழகுங்கள். அம்மா பார்த்துவிட்டு "ஏன்ப்பா சும்மா சும்மா அதைப் போட்டுத் திருகிக்கிட்டிருக்க" என்று கேட்டார். கைப்பழக்கம் இப்படித்தான் வரும், மேனுவல் படித்து வராது.

முகத்தையும் கண்ணையும் தானாகப் பிடிக்கிற ஃபோகஸ் பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். 80டி-யில் வியூஃபைண்டரில் 45 ஃபோகஸ் புள்ளிகள், எல்லாம் நடுப்பகுதியில். ஓரத்தில் இருக்கிற முகத்துக்கு ஃபோகஸை நடுவில் பிடித்துவிட்டு, அழுத்தியபடியே கேமராவைத் திருப்புவோம். இதில் திரை முழுக்க எங்கே கண் இருந்தாலும் பிடித்துக்கொள்கிறது, வீட்டில் ஓடுகிற குழந்தையை எடுப்பவர்களுக்கு இது ஒன்றே போதும், மற்ற எதையும் யோசிக்க வேண்டாம். ஆனால் கூட்டத்தில் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை போகிற ஊர்வலத்தில் காவடி எடுப்பவரைச் சுற்றி இருபது முகமாவது இருக்கும். வேல் குத்திய முகத்துக்கு முன்னால் மயிலிறகு, பின்னால் உறவினர், பக்கத்தில் தண்ணீர் கொடுக்கிறவர். யாருடைய கண் முக்கியம் என்பது கேமராவுக்கு எப்படித் தெரியும்? அதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் வைத்திருக்கிற வழி இது: ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸை எடுத்துவிட்டு, பின்னால் இருக்கிற ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு ஒற்றைப் புள்ளியைக் கொடுத்திருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரப் பட்டனுக்குக் கண் ஃபோகஸைக் கொடுத்திருக்கிறேன். கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் ஒற்றைப் புள்ளி, தனி ஆள் கிடைத்தால் கண். இதைப் பழகிய பிறகுதான் இந்தக் கேமரா என்னுடையது என்று தோன்றியது.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மாறுவதற்கு எனக்கு இருந்த பெரிய காரணமே அதுதான். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் அபிநயம் நடக்கும்போது, மிருதங்கமும் தாழ்ந்து அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி 'டக்' என்று அடித்தால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அந்தத் தருணங்களை நான் எடுக்காமலே விட்டிருக்கிறேன். இப்போது எடுக்கலாம். ஆனால் மேடை விளக்குகள் எல்லாம் எல்இடி ஆகிவிட்டன, எல்இடியை மங்கலாக்கும்போது அது நொடிக்குப் பல நூறு தடவை, சில சமயம் ஆயிரக்கணக்கான தடவை அணைந்து எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால், ஒரு வரி எரியும்போதும் அடுத்த வரி அணைந்திருக்கும்போதும் பதிவாகி, படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நடனமணியின் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடினால் அந்தப் படம் வீண். இந்தக் கேமராவில் அதற்கென்றே ஹை ஃபிரீக்வன்சி ஆன்டி ஃபிளிக்கர் என்று ஒரு வசதி இருக்கிறது, ஷட்டர் வேகத்தைத் துளித் துளியாக மாற்றி விளக்கின் துடிப்போடு பொருத்திவிடலாம். நிகழ்ச்சி தொடங்குமுன், விளக்குச் சோதனை நடக்கும்போதே போய் இதைச் சரிசெய்துவிடுங்கள். சாதாரண மண்டபங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், ஆகவே 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இன்னொன்று, இந்த பாடியில் எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் வேலை செய்யாது. வரவேற்பு வேலைக்குப் போகும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, லென்ஸ் விஷயம். புது பாடி என்றதும் கடையில் புது ஆர்எஃப் லென்ஸையும் சேர்த்தே பேசுவார்கள். வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம். 80டி-யில் இருக்கிற இஎஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) 1987-ல் வந்தது, புது பாடியின் ஆர்எஃப் 2018-ல். இரண்டுக்கும் வாய் அகலம் ஒன்றேதான், 54 மில்லிமீட்டர். பழையதில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி அசைய இடம் வேண்டும் என்பதால் 44 மில்லிமீட்டர் தூரம், இதில் கண்ணாடியே இல்லாததால் 20 மில்லிமீட்டர் போதும். அடாப்டர் செய்வதெல்லாம் அந்த 24 மில்லிமீட்டரை நிரப்புவதும் மின்தொடர்பைக் கடத்துவதும்தான். உள்ளே கண்ணாடி வில்லை எதுவும் கிடையாது, எனவே படத்தின் தரம் குறைய வழியே இல்லை. என் பழைய 50 மிமீ எஃப் 1.8 இதில் புது லென்ஸ் மாதிரி வேலை செய்கிறது. பாடியிலேயே அதிர்வுத் தடுப்பு இருப்பதால், அந்த வசதி இல்லாத அந்த மலிவு லென்ஸுக்கும் அது இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. கோயில் உள்பிராகாரத்தில் 1/10 நொடியில் கையில் பிடித்தே தூணும் விளக்கும் கூர்மையாக வருகின்றன. (நடமாடுகிற ஆள் குழம்பித்தான் போவார், அதற்கு வேகமான ஷட்டர்தான் வழி.)

பழக வேண்டியது பார்வைக்கோணம். 80டி-யின் சின்ன சென்சாரில் அந்த 50, 80 மிமீ மாதிரி நெருக்கமாகத் தெரியும். புது பாடியின் பெரிய சென்சாரில், அதாவது ஃபுல் ஃபிரேமில், அது நிஜமாகவே 50. கேம்பல் லேனில் அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) நின்றுகொண்டு பூக்கட்டுகிறவரை எடுக்க, முன்பு நின்ற இடத்திலிருந்து இன்னும் முன்னே போயாக வேண்டும். போனால் அவர் நம்மைப் பார்ப்பார், நாமும் சிரித்து, "எடுக்கலாமாக்கா" என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது, முகங்கள் இன்னும் திறந்து வருகின்றன. கூடவே பின்புலமும் அதிகம் மங்குகிறது, குடும்பப் படத்தில் மூன்று வரிசையாக நிற்க வைத்தால் எஃப் 5.6-க்குக் கீழே போகாதீர்கள், கடைசி வரிசைத் தாத்தா மங்கிவிடுவார்.

இஎஃப்-எஸ் லென்ஸ் (சின்ன சென்சாருக்கென்றே செய்தது) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 18-135 மாதிரியானவை அடாப்டரில் மாட்டும், ஆனால் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் சுமார் 9 ஆகச் சுருங்கிவிடும். வாட்ஸ்அப்புக்கும் ஏ4 அச்சுக்கும் 9 போதும், ஆனால் அதற்காக யாரும் இந்த பாடி வாங்குவதில்லை. நான் அந்த லென்ஸையும் 80டி-யையும் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான், இப்போது அவன்தான் ஒவ்வொரு வாரமும் எனக்குப் படம் அனுப்புகிறான்.

பேட்டரி: பழைய எல்பி-இ6என் இதிலும் போகும். புதியதில் 2130 எம்ஏஎச், பழையதில் 1865, வித்தியாசம் உண்டு. மிரர்லெஸ்ஸில் திரை எப்போதும் எரிவதால் செலவு அதிகம், முழுநாள் வேலைக்குப் பையில் உபரி இல்லாமல் போகாதீர்கள். யுஎஸ்பி-சி வழியாக, பிடி (பவர் டெலிவரி) ஆதரவுள்ள சார்ஜரில் கேமராவுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளலாம்.

கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். 80டி-யில் ஒரே துளை, யுஎச்எஸ்-1. இதில் இரண்டு, இரண்டும் அதைவிட வேகமான யுஎச்எஸ்-2. பின்பக்கம் இரண்டு வரிசைத் தகடுகள் இருந்தால் அது யுஎச்எஸ்-2 கார்டு. எலெக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 40 படம்வரை எடுக்கிற கேமராவில் பழைய கார்டைப் போட்டால் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி, நல்ல கட்டத்தில் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வி60 என்று போட்டது, அதாவது நொடிக்குக் குறைந்தது 60 மெகாபைட் எழுதக்கூடியது, போதும். கல்யாண வேலை செய்பவர்கள் ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதும்படி வைத்துவிடுங்கள்.

ராவ் கோப்பு (சென்சார் பதிவை அப்படியே வைத்திருப்பது) சிஆர்2-விலிருந்து சிஆர்3 ஆகிவிட்டது. படம் திருத்தும் மென்பொருளான பழைய லைட்ரூம் 6 வைத்திருப்பவர்களுக்குத் திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றிக்கொள்ளலாம், அல்லது கேனானின் சொந்த மென்பொருளே இலவசம்தான்.

இந்த ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி காற்றிலிருக்கும் ஈரம். சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், பூஞ்சைக்கு இதைவிடத் தோதான ஊர் கிடையாது. அலமாரியில் துணியோடு வைத்தால் சில மாதத்தில் கண்ணாடிக்குள் வலை பின்னிவிடும். மின்சார டிரை கேபினெட் வாங்கி 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள், அதற்கும் கீழே காய வைத்தால் ரப்பருக்கு நல்லதில்லை. உடனே முடியாதென்றால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பதமானி போதும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள், பையை மூடியபடியே அரைமணி நேரம் விட்டால் பனி படியாது. லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்த்துப் பிடியுங்கள், முன்னால் கண்ணாடி இல்லாததால் சென்சார் பக்கம் தூசி எளிதாகப் போய்விடும்.

வாங்கப் போகிறவர்கள் லோக்கல் செட்டா (இங்கே விற்பதற்கென்று வந்தது) எக்ஸ்போர்ட் செட்டா (வெளிநாட்டுக்கானது) என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், வாரண்டி அதைப் பொறுத்தது. சொல்கிற விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

எனக்கு இன்னும் முடிவாகாதது, தூரத்தில் இருப்பதை நெருக்கமாகக் காட்டும் டெலி லென்ஸ் ஒன்றுதான். 80டி-யில் 480 மிமீ மாதிரித் தெரிந்த என் 70-300, இதில் வெறும் 300. செப்டம்பரில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வடக்கிலிருந்து கரைப்பறவைகள் வர ஆரம்பிக்கும், மார்ச்வரை இருக்கும். அங்கே மறைவிடத்திலிருந்து சேற்றுமேடுவரை 300 எட்டாது. ஆர்எஃப் 100-400-ஐ வாடகைக்கு எடுத்து ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன், அந்த லென்ஸ் 635 கிராம்தான், தூக்க முடியும். வெளிச்சம் குறைந்த காலையில் அதன் எஃப் 8 தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் படங்களோடு எழுதுகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து பஸ்ஸில் போகலாம்.